நீலத் தோம்பு

கடைக்காரன் காட்டிய பச்சைத் தொட்டிக்குச்
சுழற்றக் கைப்பிடி உண்டு,
ஐந்தாண்டு உத்தரவாதம் உண்டு,
இருநூற்று எண்பத்தொன்பது ரிங்கிட்டும் உண்டு.
"மக்குறதுக்குமா உத்தரவாதம்?" என்றார் பரஞ்சோதி.
அந்த மாதம் தொழிற்சாலையில் ஓவர்டைம் நின்றிருந்தது.
குதிரைக் காலண்டரின் பின்பக்கத்தில்
நான் எழுதி வைத்த தொகை நாற்பது.

ஜெலுத்தோங் சந்தைக்குப் பின்னால்
உப்பிட்ட கடுகுக்கீரை விற்கும் தான் அக்காவிடம்
நீலத் தோம்பு ஒன்று காலியாய்க் கிடந்தது.
முப்பது என்றாள்.
மூடி இல்லையே என்றேன்.
இருபத்திரண்டு என்றாள்.
அடியில் கீறல் என்றேன்.
"ஓட்டை போடத்தானே வாங்குற?
முதல் ஓட்டை என் இனாம்" என்றாள்.
அதற்குமேல் விலை இறங்கவில்லை.

சீர் கொண்டுபோகும் அண்டாவைப் போல
அதைக் கட்டிப் பிடித்தபடி
மோட்டார் சைக்கிளின் பின்னால் உட்கார்ந்து வந்தேன்.
சிவப்பு விளக்கில் பக்கத்துக் கார்க்குழந்தை
தோம்புக்குக் கையசைத்தது.

உப்பு போக மூன்று நாள் கழுவினோம்.
உப்பிருந்தால் புழு அண்டாது,
புழு அண்டாவிட்டால்
அது வெறும் குப்பைத் தோம்பு.
துளைபோட இரவல் வாங்கிய இயந்திரத்தில்
அலகு முறிந்தது: ஆறு ரிங்கிட்.
மூடிக்குக் கூரையில் துருப்பிடித்திருந்த ஆஸ்ட்ரோ தட்டு.
நிமிர்த்தி வைத்தோம்,
நாலு மணி மழையை வாங்கிக்கொண்டு குளமாய் நின்றது.
கவிழ்த்தோம்.
எலிக்கு அஞ்சி மேலே ஒரு செங்கல்.
மிச்சம் பன்னிரண்டு ரிங்கிட்டுக்குச்
செண்டோல் குடித்துவிட்டோம்.
அதைக் கணக்கில் எழுதவில்லை.

முதல் மாதம் எல்லாமே ஈரம்:
பப்பாளித் தோல், பழைய சோறு, பீர்க்கங்காய்ச் சீவல்,
என் அவசரம்.
பதினோரு வருடமாய்த் திறந்தே இருந்த
மேடம் குவாவின் சமையலறைச் சன்னல்
ஒரு காலையில் சாத்திக்கொண்டது.
அவர் ஒன்றும் சொல்லவில்லை.
தாழ்ப்பாள் விழுந்த சத்தம் மட்டும்
நாள் முழுக்க என் காதில் விழுந்தது.

பிறகுதான் உலர்ந்ததைத் தேடிப் புறப்பட்டேன்.
சாலையோர அங்சானா உதிர்த்த சருகு,
கிழித்த முட்டை அட்டை,
தேங்காய்ப் பால் கடையில் கேட்டு வாங்கிய நார்.
ஈரம் ஒரு கை என்றால் சருகு இரண்டு கை.
அள்ளிப் பிழிந்தால்
ஒரு சொட்டு வரலாம், இரண்டாவது வரக்கூடாது.
ஞாயிறுதோறும் பரஞ்சோதி துடைப்பக் கட்டையால் கிளறினார்,
வேலையிடத்துக் கோபங்களையும் சேர்த்து.
கிளறிய இடத்தில் கை வைத்தேன்:
காய்ச்சல்காரக் குழந்தையின் வயிறு.

கருப்பு ஈயின் புழுக்கள் வந்தன.
முதலில் அலறினேன், பிறகு பழகினேன்.
இரவில் தோம்பில் காது வைத்தால்
பாலில் பொரி ஊறுகிற சத்தம்.

சன்னல் மறுபடி திறந்திருந்தது.
எந்த நாளில் என்று கவனிக்கவில்லை.

ஐந்தாம் மாதம் கவிழ்த்தோம்.
மழை விட்ட தரையின் வாசனையோடு
கறுப்பாய் உதிர்ந்து விழுந்தது.
நடுவே ஒரு கரண்டி.
தொழிற்சாலைக்குக் கொண்டுபோய்த் தொலைத்தீர்கள் என்று
நான் இரண்டு நாள் பேசாமலிருந்தேனே,
அந்தக் கரண்டி.
கழுவி மற்றவற்றோடு வைத்தேன்.
அவர் அதில்தான் இரவு ரசம் ஊற்றிக்கொண்டார்,
என்னைப் பார்க்காமல்.

தோலெல்லாம் மண்ணாகியும்
சீனப் பெருநாள் ஆரஞ்சில் இருந்த ஒட்டுவில்லை மட்டும்
பளபளப்பு மாறாமல் கிடந்தது, நாலு எண்ணோடு.
"இவ்வளவு பேர் சேர்ந்தும் இதைத் தின்ன முடியலையே,
ராசியான எண்" என்று நம்பர் கடைக்குப் போனார்.
அடிக்கவில்லை.
சீட்டைத் தோம்பில் போட மூடியைத் தூக்கியவரிடம்
அந்தக் காகிதம் மக்காது என்றேன்.
சற்று நின்றார்.
நாலாய் மடித்துச்
சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.