எரிக்காத தாள்

பேரணாம்பட்டில் என் எஸ்.டி.டி. பூத்துக்குக்
கதவு உண்டு, ரகசியம் கிடையாது.
பெரியமேட்டுக்குப் பேசுகிற தோல் வியாபாரி
எவனும் கத்தித்தான் பேசுவான்.
கலீல் பாய் மட்டும்
மூன்று, ஒன்று, ஐந்து, எட்டு
என்று சொல்லி வைத்துவிடுவார்.

"என்ன பாய், லாட்டரியா?"
சிரித்தார். ஒளிக்கவே இல்லை.
பூஜ்யம் முதல் ஒன்பது வரை எழுதிய பத்துப் பித்தான்கள்,
ஒரு தோல் பை.
குலுக்கி ஒன்றை எடு, எழுது, உள்ளே போடு,
மறுபடி குலுக்கு.
அடியில் கார்பன்.
ஒரு பிரதி இவரிடம்,
மற்றது மச்சானின் பனியனுக்குள் பஸ்ஸேறி
மெட்ராஸ் போகும்.
விலையோடு தாளைக் கூட்டு.
ஒன்பதும் ஆறும் பதினைந்தா,
ஐந்தை வை, ஒன்றை மறந்துவிடு.
பேசி முடித்ததும்
அந்தத் தாளைக் கொளுத்தித்தான் பீடி.
"முறை ஊருக்கே தெரியட்டும் வல்லிம்மா,
தாள் தெரியக் கூடாது."

ராத்திரி காகிதமும் பென்சிலுமாக உட்கார்ந்தேன்.
அந்த நாலு எண்ணுக்குள்
முந்நூறும் இருந்தது, எண்ணூறும் இருந்தது.
எந்த விலையை நினைத்தாலும்
அதற்கென்று ஒரு தாள்.
எந்தச் சாவி போட்டாலும் திறக்கிற பூட்டில்
எதை உண்மை என்பது?

ஆனாலும் சிலது தெரியும்.
நாலு எண் என்றால் ஒரு சரக்கு,
எட்டென்றால் இரண்டு.
வராத நாளில் வாங்கவில்லை.
லைன் கரகரக்கும்போது குறுக்கே புகுந்து
ஒன்றை இரண்டென்று நான் சொல்லிவிட்டால்,
விலை இன்னதென்று அறியாமலே
நூறு ரூபாய் ஏற்றிவிடலாம்.
தாள் காட்டிக்கொடுக்காது.

பிறகு பஸ் ஸ்டிரைக்.
விலை எவ்வளவு நீளமோ அவ்வளவு நீளத் தாள்
பஸ்ஸில் போயாக வேண்டும். போகவில்லை.
செவ்வாய்க்கிழமை: ஏழு, ஏழு, ஐந்து, ஆறு.
பீடியைத் தீக்குச்சியில் பற்றவைத்தார்,
தாள் சட்டைப்பைக்கே திரும்பியது.
வியாழக்கிழமை: ஏழு, ஒன்பது, பூஜ்யம், எட்டு.

பில்லின் முதுகில்
கடன் வாங்காமல் கழித்தேன்.
பூஜ்யம், இரண்டு, ஐந்து, இரண்டு.
தாள் தாளையே தின்றுவிட்டது.
மிஞ்சியது இரண்டு விலைக்கும் நடுவில் உள்ள இடைவெளி.
செவ்வாய் விலை
லாரி ஷெட்டில் டீ குடிக்கிறவனுக்கெல்லாம் தெரியும்:
ஆட்டுத்தோல், டஜன் நானூற்று அறுபத்திரண்டு.
அதன்மேல் இதை வைத்தேன்.
அறுநூற்றுப் பதினான்கு.
சனிக்கிழமை டெண்டர் கவருக்குள் இருக்கப்போவது.

வெளியே சில்லறைக்கு நின்றிருந்தான்
எதிர்க் கம்பெனிக் குமாஸ்தா.
நீட்டியிருந்தால் ஒரு மாச வாடகை.

பில்லை நாலாய் மடித்து
பாயின் கையில் வைத்தேன்.
"தீப்பெட்டி இருக்கா பாய்?"

பிரித்தார்.
அதைப் படிக்க அவருக்குத்
தாள் எதுவும் தேவைப்படவில்லை.

இப்போது குடியாத்தம் ரோட்டு
பூத்துக்குப் போகிறாராம்.