பெனால்ரிக்கு முதுகு காட்டும் குடும்பம்

ஞாயிறு பின்னேரம் மூன்றரைக்கு
அம்மா கதவைச் சாத்திப் பூட்டை இழுத்துப் பார்ப்பா.
திரும்பவும் ஒருக்கால் இழுப்பா.
இரண்டு தரம்தான். மூன்றாம் தரம் இழுத்த அன்று
ஐந்துக்குப் பூச்சியமாய்த் தோற்றோம்.

ஆட்டநாளில் கணவாய் சமைப்பதில்லை.
அப்பா சவரம் செய்வதில்லை.
தம்பி டிலோஜன் தோய்க்காத நீலச் சட்டையோடு வருவான்.
ஓட்டோவில் அவனுக்குப் பக்கத்தில் ஆர் இருக்கிறதென்று
பாசையூரிலிருந்து பண்ணை வரைக்கும் சண்டை.

துரையப்பா மைதானத்தில் எங்களுக்கு எழுதிவைத்த இடம் இல்லை.
ஆனாலும் பதிந்த படிக்கட்டில், கடைசி வரிசையில்,
சீமெந்து உடைந்து கம்பி தெரிகிற இடத்தில்
வேறு ஒருத்தரும் இருப்பதில்லை.
குத்தும் என்பது அவர்களுடைய காரணம்.

எல்லாவற்றுக்கும் மேலே ஒரு சட்டம்:
பெனால்ரி என்றால் திரும்பி நிற்க வேணும்.
அது அப்பாவால் வந்தது.
ஒரு இறுதியாட்டம், முடிகிற நேரம்,
கச்சானுக்குக் காசு கொடுக்கத் திரும்பினார்.
அந்த நேரம் பார்த்துப் பந்து வலைக்குள் போய்விட்டது.
அன்றிலிருந்து அவருடைய முதுகுக்குத் தனி மவுசு.
அடுத்த வருசம் நானும் திரும்பினேன்,
பிறகு தம்பி, பிறகு அக்கா.
சனம் முழுக்க எழும்பி மைதானத்தைப் பார்க்க
நாங்கள் மதிலைப் பார்த்துக்கொண்டு நிற்போம்,
வகுப்புக்கு வெளியே விட்ட பிள்ளைகள் மாதிரி.

அம்மா மட்டும் பார்ப்பா.
"ஆரும் ஒராள் பாக்கத்தானே வேணும்."
ஓடுறான் என்பா. அடிச்சிட்டான் என்பா.
பிறகு ஒரு மூச்சு எடுப்பா.
அந்த மூச்சு முடிகிறதுக்குள்
எனக்கு இரண்டு தரம் வயிறு கலங்கும்.

றெக்ஸன் அத்தான்
எங்கள் நீலத்திரைக்கு ஏழு வருசம் கோல் காத்தவர்.
கையுறையோடுதான் அக்காவுக்கு மோதிரம் போட்டவர் என்று
கல்யாண வீட்டில் பகிடி.
தை மாதம் கலங்கரை அணி
மாதச் சம்பளமும் ஒரு மோட்டார்சைக்கிளும் கொடுத்து
அவரைக் கூட்டிக்கொண்டு போனது.
அப்பா ஒரு கிழமை கதைக்கவில்லை.
பிறகு கதைத்தார், மீன் விலை மட்டும்.
அக்கா பச்சைச் சட்டை வாங்கினாள்,
பிள்ளைக்கும் ஒன்று, லேஞ்சி அளவில்.
வந்து இருந்தது என்னவோ அதே கம்பிக்குப் பக்கத்தில்தான்.
"சட்டை மாறினா படியுமா மாறும்?"

நேற்று, எண்பத்தெட்டாவது நிமிசம்,
ஒன்றுக்கு ஒன்று,
விளக்குகளைச் சுற்றிப் பூச்சி.
றெஃப்ரி புள்ளியைக் காட்டினார்.
அடிக்கப்போவது நாங்கள்.
கம்பங்களுக்கு நடுவில் அத்தான்
கையுறைகளைச் சேர்த்துத் தட்டினார்.

அப்பா திரும்பினார். தம்பி திரும்பினான். நான் திரும்பினேன்.
அக்கா பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு திரும்பினாள்.
காத்து நின்றோம்.
ஓடுறான் என்று ஒருத்தரும் சொல்லவில்லை.
கடைக்கண்ணால் பார்த்தேன்,
அம்மாவும் மதிலைப் பார்த்துக்கொண்டு நிற்கிறா,
கைப்பையை நெஞ்சோடு அணைத்தபடி.
"என்னம்மா?"
"எனக்கு ஏலாதடி. ஆற்ற பக்கம் பாக்கிறது?"

எதிரே கச்சான் சிவபாதம்
வண்டிச் சட்டத்தில் ஏறி, எங்கள் தலைக்கு மேலால்
மைதானத்தைப் பார்த்தபடி நின்றார்.
அவருடைய முகத்தை ஐந்து பேரும் பார்த்தோம்.
புருவம் மேலே போனது.
கையிலிருந்த கடதாசிச் சுருள் சரிந்து
நாலைந்து கச்சான் கொட்டுப்பட்டது.
பிறகு சத்தம்.
அடித்தாலும் அதே சத்தம், பிடித்தாலும் அதே சத்தம்,
முதுகுக்கு வித்தியாசம் தெரியாது.

சிவபாதம் அண்ணை கீழே இறங்கினார்.
நீலச் சட்டையைப் பார்த்தார், பச்சைச் சட்டையைப் பார்த்தார்.
குனிந்து கச்சானைப் பொறுக்கத் தொடங்கினார்.
"சொல்லுங்கோவன்" என்றார் அப்பா.
"பழைய பாக்கி நூறு ரூபா கிடக்கு" என்றார் அவர்.

அக்காவின் தோளில் கிடந்த பிள்ளை மட்டும்
மைதானத்தைப் பார்த்துக் கைதட்டியது.
அது எல்லாவற்றுக்கும் கைதட்டும்.