அறுபத்தொன்று

கேத்தியில், கேரட் பிடுங்கிய வயலில்
தேசியப் போட்டி.
திங்கள்தோறும் கூட்டுறவு வங்கியில்
டோக்கன் கொடுக்கும் கை
பிரேக்கில் விறைத்துக் கிடக்கிறது.

மூன்றாம் சுற்றில்
சேறு செயினைத் தின்றது.
சைக்கிளைத் தோளில் ஏற்றினேன்.
ஒன்பது கிலோ என்றுதான் விற்றான் கடைக்காரன்.
மேட்டில் ஒவ்வோர் அடிக்கும்
இந்த மலை
தன்னைக் கொஞ்சம் அதில் அப்புகிறது.

புனேக்காரன் ஒருவன்
முழுச் சுற்று முந்திக் கடந்தான்.
"சாரி அண்ணா."
எந்த ஊரில் கற்றானோ அந்த அண்ணாவை.

பனிக்குள் விசில்.
கொடியோடு மாதி மேடம்:
"அறுபத்தொன்று, போதும், இறங்குங்க."

இறங்கித்தான் மேடம்
இவ்வளவு நேரமும் ஓடுகிறேன்.

பட்டியலில் என் பெயருக்கு நேரே
நேரம் இல்லை.
பின்சக்கரத்தில் சிக்கியிருந்த
பிஞ்சுக் கேரட்டை உருவி
ஜெர்சியில் துடைத்து,
அதுவும் சேறுதான்,
தின்றேன்.