எஃப் வரும் வரை

கம்பாதோஸ் துறைமுகத்துச் சிப்பி ஆலையில்
எட்டு மணி நேரம் உப்புத் தண்ணீரில் ஊறிய கைகளைக்
கால்சட்டையில் துடைத்தபடி உட்காருகிறேன்.
ஒரு வாரம் கம்பியோடு மல்லுக்கட்டிச் சேர்த்த காய்ப்பு
ஒரே ஷிஃப்டில் வெள்ளையாய் உரிந்துவிடுகிறது.
வரவு எட்டு, செலவு பத்து.
விரல் நுனியின் கணக்கு இது.

வயது நாற்பத்தெட்டு.
கிதார் வாங்கியது சென்ற வருடம் பிப்ரவரியில்,
வாஷிங் மெஷினுக்கு வைத்திருந்த பணத்தில்.
அதனால் சனிக்கிழமைதோறும்
அக்கா உஷியா வீட்டுக்கு அழுக்குமூட்டை தூக்கிப் போகிறேன்.
"எங்கே, ஒரு பாட்டு வாசி பார்ப்போம்" என்பாள்,
மூட்டையை வாங்கிக்கொண்டே.
மூன்று கார்டு தெரியும், நான்காவது வரவில்லை என்பதை
அவளுக்கு எப்படிச் சொல்ல.

நான்காவதின் பெயர் எஃப்.

சுட்டுவிரலே,
இத்தனை வருடம் உனக்கு ஒரே தொழில்:
நீட்டுவது.
அவன்தான், அவள்தான், அதோ அந்த சூப்பர்வைசர்தான் என்று.
இப்போது ஆறு கம்பிக்கும் குறுக்கே
படு என்கிறேன்,
படுக்கத் தெரியவில்லை உனக்கு.
மோதிரவிரலே,
பதினேழு வருடம் ஒரு வளையத்தைச் சுமந்தாய்,
சுமப்பதே வேலை என்று இருந்துவிட்டாய்.
வளையம் போய் ஆறு வருடம். எழுந்து வா,
மூன்றாம் கட்டம், ஐந்தாம் கம்பி.
சுண்டுவிரலே, காப்பிக் கோப்பை பிடிக்கும்போதெல்லாம்
காற்றில் ஒயிலாய் நின்றது போதும்.
நடுவிரலைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை.

பிராய்ஸ் சொல்லித்தருகிறான், செவ்வாய்க்கிழமை,
ஆணிக்கடை மாடியில்.
இருபத்துநான்கு வயது, கன்னத்தில் இன்னும் பரு.
"சபேலா, தினமும் ஐந்து நிமிடம் போதும்."
அவன் வயதில் ஐந்து நிமிடம் என்பது ஐந்து நிமிடம்.
என் வயதில் அது
காலுறையைக் கழற்றி,
கழற்றிய காலுறையைப் பார்த்துக்கொண்டு
சும்மா உட்கார்ந்திருக்க ஆகும் நேரம்.

நவம்பரில் விட்டுவிட்டேன்.
பெரிய காரணம் ஒன்றுமில்லை.
மழை. இரவு ஷிஃப்ட். ஒரு கம்பி அறுந்தது.
நாற்காலியில் சாய்ந்திருந்த கிதாரின் மேல்
முதலில் ஒரு துண்டு, பிறகு மழைக்கோட்டு,
பிறகு அங்கே கிதார் இருப்பதே தெரியாமல் போனது.
பதினெட்டு நாள்.

பத்தொன்பதாம் நாள்
மீன் வறுத்த புகை போக ஜன்னலைத் திறந்தேன்.
தூரத்தில் கழிமுகத்தில் சிப்பித் தெப்பங்கள் நனைந்துகொண்டிருந்தன.
கீழ்வீட்டு எலாடியோ
கொட்டகையில் படகு மோட்டாரைப் பிரித்துப் போட்டு
சீட்டியடிக்கிறார்.
என் பாட்டு.
சி, ஏ மைனர், சரியாகத்தான் போகிறது.
அப்புறம் நின்றார்.
ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு எண்ணும் நேரம்
ஸ்பானரை உயர்த்திப் பிடித்தபடி
காத்திருந்தார்.
அதற்குப் பிறகுதான் எஃப். பிறகு ஜி.

நான் விரல்களைத் தேடும் நேரம் அது.
ஒவ்வொன்றாய்க் கூப்பிட்டு உட்காரவைக்கும் நேரம்.
பாட்டே அப்படித்தான் என்று
நினைத்திருக்கிறார் மனிதர்.

சிரித்தேன். மீன் கருகிவிட்டது.
மழைக்கோட்டை எடுத்து ஆணியில் மாட்டினேன்.
புதுக் கம்பி ஒன்றரை யூரோ.

இப்போது மார்ச்.
வந்துவிட்டது என்று சொல்லமாட்டேன்.
பத்துக்கு மூன்று முறை முழுசாய்,
மற்றபடி தகர டப்பாவில் ஈ மாட்டியது போல.
நேற்று மாலை அந்த மூன்றில் ஒன்று
தாளம் தப்பாமல்
நேரே போய் விழுந்தது.
கூடவே வந்த சீட்டி
வழக்கமான இடத்தில் நின்றது.
நான் ஜி-க்குப் போய்விட்டேன்.
எலாடியோ அங்கேயே நிற்கிறார், எனக்காக,
இன்னும் நான் தேடுவதாக நினைத்து.

கம்பிகள் மேல் உள்ளங்கையை வைத்து
அமர்த்தினேன்.
அவர் வந்து சேரட்டும்.