ஈரக் கழிவு

கோத்தகிரி ஆஸ்பத்திரியில்
என் மணிக்கட்டைப் பிடித்த டாக்டர் சுமதி போஜன்
விரலை எடுக்கவே இல்லை.
வெளியே மூடுபனி ஆம்புலன்ஸைப் பாதி தின்றிருந்தது.
"வயசு?"
"ஆதார்ல எழுபத்திரண்டு."

காகிதச் சுருளில் என் நெஞ்சு எழுதியதைக் காட்டினார்.
புதுசாய் வந்த பிள்ளை கொழுந்தெடுத்த நிரை மாதிரி
இங்கே நெருக்கம், அங்கே ஒன்றுமில்லை.

"மேலறை சுருங்கவில்லை, நடுங்குகிறது.
இடதுபக்கம் ஒரு சின்னப் பை, மூலையில்.
ரத்தம் அங்கே தேங்கும்.
தேங்கினால் உறையும்.
உறைந்தது கிளம்பினால் நேரே தலைக்கு.
ஒரு கை போகலாம். பேச்சு போகலாம்."

புரிந்தது.
லாரி வராத நாளில் சாக்கிலேயே கிடந்த கொழுந்து
அடியில் சூடேறி, சிவந்து,
கையோடு கட்டியாய் வரும்.

"எங்க லைன் டிரைவர் சகாயத்துக்கும் இதே நடுக்கம்,
அவனுக்கு மாத்திரையே வேண்டாம்னீங்க."
"அவருக்கு நாற்பத்தொன்று.
வயசேற ஏற அறைச்சுவர் விறைக்கும், ரத்தம் சீக்கிரம் கட்டும்.
அறுபத்தைந்துக்கு ஒரு புள்ளி, எழுபத்தைந்துக்கு இரண்டு.
உங்களுக்குச் சர்க்கரை இல்லை, பிரஷர் இல்லை.
ஒரு புள்ளி என்றால் யோசிக்கலாம்.
இரண்டு என்றால் யோசிக்க ஒன்றுமில்லை."

மண்டபம் முகாமில்
கப்பலிறங்கிய மூன்றாம் நாள்
குமாஸ்தா குனிந்தபடி கேட்டான்.
"நமக்கு ஓட்டில்லேன்னு ஆக்கின வருசம் பொறந்தவ" என்றார் அப்பா.
அப்படி ஒரு கட்டம் அவன் படிவத்தில் இல்லை.
நிமிர்ந்து என் தோளெலும்பைப் பார்த்தான்,
மூன்று வருஷம் கழித்து எழுதினான்.

கழிவு தெரியாதவளா நான்,
பதினெட்டு வருஷம் தராசடியில் நின்றவள்.
மழை பெய்தால் ஈரத்துக்கு இரண்டு கிலோ,
சாக்குக்கு ஒன்று.
திலகமணி ஒருநாள் என் முகத்துக்கு நேரே
கொழுந்தைப் பிழிந்து காட்டினாள்.
சொட்டு விழவில்லை.
அன்றைக்கும் கழித்தேன்.

குமாஸ்தா கழித்ததோ
ஓய்வுக்கு முன்னே மூன்று வருஷச் சம்பளமாய்த் திரும்பி வந்தது.
கூரைக்குத் தகரம் போட்டேன்.
அவன் நன்றாயிருக்கட்டும் என்று
தகரத்தில் மழை விழும்போதெல்லாம் நினைத்திருக்கிறேன்.

ரத்தம் மட்டும் மண்டபத்தில் பதியாமலே வந்திருக்கிறது.

சொன்னால் வாங்கிய சம்பளத்தைத் திருப்பிக் கேட்பார்களோ?
பயமாகத்தான் இருந்தது.
சொன்னேன்.
டாக்டர் எழுபத்திரண்டை அடிக்கவில்லை;
மேலே சின்னதாய் எழுபத்தைந்து என்று எழுதி
ஒரு கோடு போட்டார்.
"காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று. விடக்கூடாது.
வெட்டுப்பட்டால் ரத்தம் லேசில் நிற்காது. வழுக்கி விழாதீர்கள்."
இந்த ஊரில் வழுக்காத இடம் எது என்று கேட்டேன்.
சிரித்தார். பிறகு சிரிக்கவில்லை.

சோலூர்மட்டம் பஸ்ஸில் பக்கத்து சீட்டில் திலகமணி.
மாத்திரை அட்டையை வாங்கிப் பார்த்தாள்,
விலையைப் படித்து உச்சுக் கொட்டினாள்.
என் கையைப் பிடித்தாள்.
எண்ணினாள், விட்டுவிட்டாள், மறுபடி முதலிலிருந்து.
கொண்டையூசி வளைவு ஒன்று போயிற்று.

"இன்னும் உனக்குக் கணக்கு உதைக்குதே, தைலம்மா"
என்றாள், கையை விடாமல்.