நாற்பத்தொரு இடங்களில்

அறுநூற்றுப் பன்னிரண்டு பக்கம்.
ஜுபைலில் மூன்றாம் யூனிட்டை நிறுத்தவும்
மறுபடி ஓட்டவும் உண்டான வழிமுறை முழுக்க
ஒரே வேர்ட் ஃபைலில்.
திறந்து முடிப்பதற்குள்
ஒரு சுலைமானி குடித்துவிடலாம்.

"வாயு கசிந்தால் எவன் உருட்டிக்கொண்டிருப்பான்?
ரெண்டே தட்டு. போய்ச் சேர்ந்துவிட வேண்டும்"
என்றார் ஃபஹத்.
அதிலிருந்து பதினோரு இரவுகள்.

எனக்கு முன்னால் இருந்த புண்ணியவான்
தலைப்புகளையெல்லாம் கையால் தடிமனாக்கி வைத்திருந்தான்.
கண்ணுக்குத் தலைப்பு,
கணினிக்கு வெறும் வரி.
ஒவ்வொன்றாய்த் தொட்டு
நீ தலைப்பு, நீ உபதலைப்பு என்று
சொல்லிக் கொடுத்த பிறகுதான்
பொருளடக்கம் தானாக எழுந்து நின்றது.

புக்மார்க்குக்குச் சட்டம் உண்டு.
பெயர் எழுத்தில்தான் தொடங்க வேண்டும்,
எண்ணில் தொடங்கினால் ஏற்காது.
(என்னை இந்த நாட்டுக்கு
இரண்டில் தொடங்கும் பத்து இலக்கமாகத்தான் தெரியும்.)
நடுவில் இடைவெளி கூடாது.
அது சரி, எங்கள் கேம்ப் அறையிலும் கிடையாது.

போகிற வழி போட்டால் மட்டும் போதாது.
திரும்பும் வழியை
ஒவ்வொரு பகுதிக்கும் அடியில்
தனியாகப் போட வேண்டும்.
இல்லாவிட்டால் வால்வு படம் பார்க்கப் போனவன்
எங்கிருந்து வந்தோம் என்பதை மறந்து
நானூற்றுச் சொச்சத்தில் நின்றுவிடுவான்.
"எக்ஸிட் ரீ-என்ட்ரி" என்று சிரித்தான் ரோவல்.
நானும் சிரித்தேன். அது திங்கட்கிழமை.

வியாழக்கிழமை மெயில் வந்தது.
பெர்மிட் கொடுக்கும் சூசை மிக்கேல்
பணியில் இல்லை,
ஆவணங்களில் பெயரை நீக்கவும்.
ஃபைனல் எக்ஸிட்.
அந்நேரம் அவர் தம்மாம் விமான நிலையத்தில்
பெட்டியின் எடையைக் குறைத்துக்கொண்டிருந்திருக்கலாம்.
தொடர்புப் பட்டியலில் அவர் வரியைத் தேர்ந்தேன்.
டெலிட்.
ஒரு வரிதான், சத்தமில்லை.

பிறகு வழக்கம்போல் எல்லாவற்றையும் தேர்ந்து
எஃப் ஒன்பதை அழுத்தினேன்.

பக்கம் 58:
வெல்டிங் தொடங்குமுன்
பிழை! சுட்டிய இடம் காணவில்லை அவர்களிடம்
கையெழுத்து வாங்கவும்.

பக்கம் 301:
தொட்டிக்குள் இறங்குமுன்
பிழை! சுட்டிய இடம் காணவில்லை அவர்களுக்குத்
தெரிவிக்கவும்.

எண்ணிப் பார்த்தேன். நாற்பத்தொன்று.
எல்லாம் தடித்த எழுத்தில்.
பக்கத்து மேசையில் இருந்த மனிதரை
இத்தனை இடத்தில் தேடுவார்கள் என்று
எனக்குத் தெரியாது.
சம்பளம் போடுகிறவனுக்கும்
தெரிந்திருக்காது.

ரோவல் எட்டிப் பார்த்தான்.
"ஆளுக்குப் புக்மார்க் போடாதே,
பதவிக்குப் போடு. ஆள் போவான்."
சரியான யோசனைதான்.
அவனுக்கு இக்காமா புதுப்பிக்க
இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது.

பதவிக்குப் போட்டேன்.
நாற்பத்தொரு பிழையும்
நான்கு நிமிடத்தில் அடங்கின.
'பெர்மிட் வழங்குபவர்', கீழே எக்ஸ்டென்ஷன் நம்பர்.
அழைத்துப் பார்த்தேன்; மணி போகிறது.
எடுக்கத்தான் ஆள் வரவில்லை.

ஒன்று மட்டும் கூடுதலாய்ச் செய்தேன்.
பக்கம் 233.
'ஏழாம் எண் வால்வு இடமிருந்து வலமாக அல்ல,
வலமிருந்து இடமாக மூடும்.'
பழைய மேனுவலில் மாற்றி அச்சாகியிருந்ததை
எண்ணெய்க் கறைத் தாளில்
பென்சிலால் அடித்துத் திருத்திக்
கொண்டுவந்து தந்தவர் அவர்.
'தப்பா எழுதி வச்சிருக்கான்யா,
எவன் கையாவது போயிரும்.'

அந்த வரியின் முதல் எழுத்துக்கு முன்னால்
கர்சரை வைத்து அவர் பெயரைப் போட்டேன்,
எழுத்தில் தொடங்கி, இடைவெளியில்லாமல்.
எந்த இணைப்பும் அங்கே போகாது.
அச்சில் தெரியாது.

ஆனால் எவனாவது ஒருநாள்
புக்மார்க் பட்டியலைத் திறந்தால்
அகர வரிசையில்
சைரனுக்கும் ஸ்டீமுக்கும் நடுவில்
சூசை இருப்பார்.
தட்டினால் கொண்டுபோய் விடும்,
நேராக அந்த வால்வுக்கு.