ஒன்பதாம் பத்தி

செவ்வாய்க்கிழமை வகுப்பில்
பெயரடைகளைக் கொல்லச் சொல்லிக்கொடுத்தேன்.
'நல்ல', 'அன்பான', 'ஏழ்மையான':
பிணை மனுவில் இவையெல்லாம்
டிக்கெட் எடுக்காமல் ஏறிய பயணிகள்.
அரசுத் தரப்பு முதல் நிறுத்தத்திலேயே இறக்கிவிடும்.

ஒரு பத்திக்கு ஒரு செய்தி. பத்திக்கு எண் போடு.
மனுதாரர் வாயால் பேசு, உன் வாயால் அல்ல.
'அறிவேன்' என்று எழுதினால்
எப்படி அறிந்தாய் என்று கேட்பார்கள்.

பிரெஷன் கொட்டாவி விட்டான்.
நோக்வாண்டா எழுதிக்கொண்டாள்.
திருஷா கேட்டாள்:
"அப்படின்னா மனுஷனை எந்தப் பத்தியில வைக்கிறது, மேடம்?"
நேரமாகிவிட்டது என்றேன்.
ஆகவில்லை.

வியாழன். வெருலம் நீதிமன்றம், கீழ்த்தளம்.
ம்தோகோசிசி செலே, வயது முப்பத்தொன்று,
திருடியதாகச் சொல்லப்படுவது
பதினான்கு மீட்டர் செம்புக் கம்பி.
இரும்புக் கம்பிக்கு இந்தப் பக்கம்
நோக்வாண்டா சூலுவில் கேட்க,
திருஷா முழங்காலில் தாள் வைத்து எழுதினாள்:
'நான் பாசமுள்ள தகப்பன்.'

அடித்தேன்.
எத்தனை குழந்தை? எங்கே இருக்கிறது?
எத்தனை மணிக்கு யார் கூட்டிவருவது?
கேள், போ.

போனார்கள், வந்தார்கள்.
'9. என் மகள் லெதிவேக்கு வயது நான்கு. பீனிக்ஸில் மழலையர் பள்ளியில் இருக்கிறாள். தினமும் இரண்டு மணிக்கு நான் அவளைக் கூட்டிவருவேன். வேறு யாரும் இல்லை.'

சிவப்புப் பேனாவை மூடி
சட்டைப்பையில் செருகினேன்.

எட்டாம் பத்தி வரை
நீதிபதி தலை நிமிரவில்லை.
ஒன்பதில் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.
பன்னிரண்டு நாற்பது.
அரசு வழக்கறிஞரும் பார்த்தார்.
செலே பார்க்கவில்லை. அவருக்கு மணி தெரியும்.

முகவரியைச் சரிபார்க்க
ஏழு நாள் வேண்டும் என்றது அரசுத் தரப்பு.
சட்டத்தில் இடமுண்டு.
ஏழு நாள் தந்தார்.

பின்னால் நாற்காலி கிறீச்சிட்டது.
திருஷா ஓடிக்கொண்டிருந்தாள்
மேடைக்குத் தலை வணங்காமல், கோப்பை மறந்து.
கதவைத் தாண்டிய பிறகுதான் போனை எடுத்தாள்;
அந்த மட்டுக்குப் பாடம் நின்றிருக்கிறது.
நோக்வாண்டா கீழ்த்தளப் படிகளில் இறங்கினாள்
யாருடைய நம்பரையாவது கேட்டு வாங்க.

மாலையில் மதிப்பெண் தாள்.
நேர்காணல், எட்டு. வரைவு, ஒன்பது.
நீதிமன்ற ஒழுங்கு: விதிப்படி நாலுதான்.
நாலு போட்டேன்.
'குறிப்பு' என்ற கட்டத்தில்
மூன்று முறை எழுதி மூன்று முறை அடித்தேன்.
மூன்றும் பெயரடைகள்.
பிறகு இப்படி:

'1.55க்குப் பள்ளி வாசலில் இருந்தார்.
குழந்தையோடு படியில் உட்கார்ந்திருந்தார்.
மனுதாரரின் அக்கா உம்லாசியிலிருந்து வந்து சேர
நாலே முக்கால்.
அக்காவும் தம்பியும் பேசி
இரண்டு வருடமாம்.'

ஆகவே
'வேறு யாரும் இல்லை' என்பது தவறு.
திருத்தப் பிரமாணம் தாக்கல் செய்ய வேண்டும்.
நாளைக் காலை, எட்டு மணிக்கு,
இருவரும் வரவும்.